கல்லூரி மாணவரிடையே கத்தோலிக்கத் திருப்பணி

உயர்கல்வி பயிலும் மாணவரிடையே கத்தோலிக்கத் திருச்சபை ஆற்றிவரும் பணி, தொடக்க நாளைய நோக்கினின்று பெரிதும் மாறி வளர்ந்ததாகும். அம்மாற்றத்தின் இயல்பினைத் தமிழகச் சான்றுகள் கொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் 1893-இல் கர்தினால் நியூமன் பெயரால் ஒரு மாணவர் கழகம் தோன்றிற்று. பொதுப் பல்கலைக்கழகத்திற் சிறுபான்மையராய்ப் பயின்ற கத்தோலிக்கரை ஒருங்கிணைத்தல் அதன் கருத்து. தமிழகத்தின் நிலை வேறு. இங்குத் திருச்சபையே கல்லூரிகளை நிறுவிற்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. சென்னை இலயோலாக் கல்லூரி 1925-இல் எழுந்தது. எனவே, மாணவர் பணியும் சொந்த மனையிலேயே முளைத்தது. இயேசு சபையைச் சார்ந்த கார்ட்டி அடிகளார் 1924-இல் தொடங்கிய இளைஞர் கழகமே, பின்னர் 'ஐக்கஃப்' எனப்படும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பாக விரிந்தது.

சிதம்பரமோ பிறிதொரு களம். அங்கு 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருச்சபையின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. அங்கே 1945-இல் தனிநாயக அடிகளார் தமிழ் மாணவராய்ச் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றவர், கற்பிக்கும் இருக்கையை விடுத்துக் கற்போர் வரிசையில் அமர்ந்தமை கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை அவர் ஆங்கு ஆராய்ந்தார். 1952-இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' இதழும், 1964-இல் புதுதில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றமும் அக்கல்வியின் விளைவுகள் எனலாம். மாணவர் இயக்கம் எதனையும் நிறுவாமலேயே, துறவிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உரிய உறவை அவர் புதுக்கினார்.

இயக்கத்தின் உள்ளிருந்தும் மாற்றம் எழுந்தது. 1952 முதல் 1967 வரை ஐக்கஃபின் ஆன்ம வழிகாட்டியாயிருந்த பிரெஞ்சுத் துறவி சேராக் அடிகளார், மாணவரைப் பணிமுகாம்களின் வழியே ஏழையர் வாழிடங்கட்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திருச்சபையை உலகை நோக்கித் திருப்பிய காலமும் அதுவே. 1970-இல் பூவிருந்தவல்லியில் கூடிய மாணவர் மாநாடு, சமூக நீதியைத் தன் குறிக்கோளாக முன்வைத்தது. ஈகையால் வறுமை தணியுமேயன்றி அதன் காரணம் ஒழியாது என்னும் தெளிவு அதன் பின்னணியில் நின்றது.

காவல், கல்வி, தொண்டு, நீதி என இவ்வளர்ச்சியை நிரல்படுத்தலாம். ஆயின், முன்னையது கழியப் பின்னையது புகுந்தது எனக் கொள்ளற்க. கல்வியை நீங்கிய தொண்டு ஆரவாரமாகும். தொண்டினை நீங்கிய காவல் வேலியாய் முடியும். வேலியினுள்ளே தோன்றிய பணி வேலியைக் கடந்தமையே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாம்.