எக்ஸைட்டும் இன்சைட்டும்

ஆங்கிலத்தில் எக்ஸைட், இன்சைட் என்று இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையுமே "தூண்டுதல்" என்று சொல்லிவிடலாம். ஆசையைத் தூண்டினான் என்கிறோம், கலவரத்தைத் தூண்டினான் என்றும் சொல்கிறோம். ஆனால் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசத்தில்தான் பல தலைவர்களின் சிறைவாசம் அடங்கியிருந்தது!

இரண்டும் ஒரே லத்தீன் வேர்ச்சொல்லில் பிறந்தவை. அசைய வைப்பது என்பது அந்த வேரின் பொருள். எக்ஸ் என்றால் வெளியே. இன் என்றால் உள்ளே, அல்லது ஒன்றை நோக்கி. மனதில் கிடக்கும் உணர்ச்சியைக் கிளறி எழுப்புவது எக்ஸைட். ஆளையே ஒரு செயலில் இறங்கும்படி உந்துவது இன்சைட். முதலாவது மனசோடு நின்றுவிடலாம். இரண்டாவது கையில் கல்லை எடுக்கச் சொல்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1860ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜதுரோகத்துக்குத் தனிப்பிரிவு கிடையாது. 1870ல்தான் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் முயற்சியால் 124ஏ சேர்க்கப்பட்டது. அதில் இருந்த சொல் எக்ஸைட். அரசாங்கத்தின் மீது "டிஸ்அஃபெக்‌ஷன்" என்ற உணர்வை எழுப்பினாலோ, எழுப்ப முயன்றாலோ குற்றம். ஆயுள் முழுக்க நாடு கடத்தும் வரை தண்டனை உண்டு. கலவரம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

டிஸ்அஃபெக்‌ஷன் என்றால் என்ன? 1897ல் கேசரி பத்திரிகைக் கட்டுரைகளுக்காகத் திலகர் மீது பம்பாயில் வழக்கு நடந்தது. அன்பு இல்லாமல் இருப்பதே டிஸ்அஃபெக்‌ஷன்தான் என்று நீதிபதி ஸ்ட்ரேச்சி ஜூரிகளுக்கு விளக்கினார்! கலகம் நடந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை என்றும் சொன்னார். ஜூரிகளில் ஐரோப்பியர் 6 பேரும் குற்றவாளி என்றார்கள், இந்தியர் 3 பேரும் இல்லை என்றார்கள். திலகருக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது.

1908ல் இதே பிரிவு திருநெல்வேலிக்கு வந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மேடைகளில் பேசியதற்காகக் கைதானார்கள். கலவரம் வெடித்ததோ அவர்கள் கைதான பிறகு! நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்கு 10 ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது.

1922ல் அகமதாபாத் நீதிமன்றத்தில் நின்ற காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்பைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்று எடுத்துச் சொன்னார். அவருக்கு 6 ஆண்டு சிறை.

இந்தச் சொற்சண்டை கடைசியில் பெரிய நீதிமன்றங்களுக்கே போனது. பொது அமைதி கெட்டால், அல்லது கெடும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால்தான் குற்றம் என்று 1942ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1947ல் அதை மறுத்துவிட்டது. சட்டத்தில் இருப்பது உணர்வை எழுப்புவது மட்டும்தான், கலகத்தைக் கிளப்புவதையும் அதில் சேர்த்துப் படிக்க முடியாது என்பது அதன் வாதம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காற்று திசை மாறியது. 1951ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் "பொது ஒழுங்கு" என்பதையும் "குற்றத்துக்கு இன்சைட் செய்தல்" என்பதையும் சேர்த்தது. 1962ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 124ஏ செல்லும் என்றது. ஆனால் வன்முறைக்குத் தூண்டும் பேச்சுக்கும், பொது ஒழுங்கைக் கெடுக்கும் நோக்கமோ போக்கோ உள்ள பேச்சுக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று எல்லை போட்டது. அதாவது, எக்ஸைட் என்று எழுதியிருந்ததைக் கிட்டத்தட்ட இன்சைட் என்று படித்தார்கள்.

2022 மே மாதம் உச்சநீதிமன்றம் 124ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் டிஸ்அஃபெக்‌ஷன் இல்லை. 152வது பிரிவு பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி, இந்தியாவின் இறையாண்மை பற்றிப் பேசுகிறது. ஆனால் எக்ஸைட் என்ற சொல் அங்கேயும் இருக்கிறது. பிரிவினை "உணர்வுகளை" ஊக்குவிப்பதும் குற்றம்தான். உணர்வு எங்கே முடிகிறது, செயல் எங்கே தொடங்குகிறது என்ற பழைய கேள்வியை இனி இந்தப் பிரிவை வைத்துத்தான் நீதிமன்றங்கள் கேட்கவேண்டியிருக்கும்.