கீழடிக் கரியும் ஒரு தலைகீழ்க் கேள்வியும்

புனேவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ், வீடு, ட்ராஃபிக் என்று ஓடியதில் கணக்குப் புத்தகத்தைத் தொட்டே பல காலம். போன ஞாயிறு, பன்னிரண்டாவது படிக்கும் என் பொண்ணு வந்து, "டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை சாய்ஸ்ல விட்டுடவாப்பா? இதை எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்களோ!" என்றாள்.

சுருக்கென்றது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்த நான், ஒன்றும் புரியாமல் மனப்பாடம் பண்ணி, முதல் வருஷம் அரியர் வைத்தது இந்தப் பாடத்தில்தான். அந்த பயம் அவளுக்கும் வர வேண்டாம் என்று, ஃபார்முலாவை ஓரமாக வைத்துவிட்டு கதையைச் சொன்னேன்.

1638. பிரான்ஸில் ஃப்ளோரிமோன் த போன் என்பவர், தத்துவஞானி டெகார்ட்டுக்கு ஒரு புதிர் போட்டார். வளைகோட்டைக் கொடுத்துத் தொடுகோட்டைக் கேட்பதுதான் வழக்கம். இவர் தலைகீழாகக் கேட்டார். தொடுகோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், வளைகோடு எது? டெகார்ட்டாலேயே முழு விடை தர முடியவில்லை. 1684ல் லைப்னிட்ஸ் தன் கால்குலஸ் கட்டுரையின் கடைசியில் இதை எடுத்து, விடை மடக்கை வளைகோடு என்று காட்டினார். அதாவது நம்ம லாகரிதம்.

வகைக்கெழுச் சமன்பாடு என்பது இந்தத் தலைகீழ்க் கேள்விதாங்க. ஒன்று எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, எந்த வேகத்தில் மாறுகிறது என்று மட்டும் தெரியும். அதை வைத்து ஆளைப் பிடிக்க வேண்டும்!

பிடிக்கிற வழிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1691ல் லைப்னிட்ஸ் ஹைகன்ஸுக்கு எழுதிய கடிதத்தில் மாறிகளைப் பிரிக்கும் முறை இருக்கிறது. 1739ல் ஆய்லர், மாறாத கெழுக்கள் உள்ள சமன்பாடுகளுக்கு அடுக்குக்குறிச் சார்பைப் போட்டு வழி கண்டார். எதிலும் மசியாத சமன்பாட்டுக்கு, சின்னச் சின்ன அடியாக நடந்து விடையை நெருங்கும் முறையை 1768ல் தன் புத்தகத்தில் எழுதினார். இன்று கம்ப்யூட்டர் செய்வதும் அதன் மேம்பட்ட வடிவம்தான்.

"சரிப்பா, நமக்கு என்ன?" என்றாள். அப்போதுதான் கீழடியை எடுத்தேன்.

செத்துப்போன மரத்தில் இருக்கும் கார்பன்-14 கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. சிதையும் வேகம், மிச்சம் இருக்கும் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அவ்வளவுதான் சமன்பாடு. அளவு சம்பந்தப்பட்டதை ஒரு பக்கம், காலத்தை மறுபக்கம் தள்ளு. இரண்டையும் தொகையிடு. அளவுப் பக்கம் மடக்கை வரும், மறுபக்கம் காலமே வரும். கூடவே வரும் மாறிலியை, தொடக்கத்தில் இருந்த அளவு தீர்மானிக்கும். மடக்கையை அவிழ்த்தால், சுமார் 5730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்ற கதை வெளியே வருகிறது. 1949ல் வில்லார்ட் லிபியின் குழு இதை வைத்துப் பழம்பொருட்களுக்கு வயது சொன்னது. 1960ல் அவருக்கு நோபல் பரிசு.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்குப் போனது. காலம் கி.மு. 580 என்று வந்ததை, 2019ல் தமிழகத் தொல்லியல் துறையின் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 2600 வருஷம். ஆய்வகத்தில் இன்னும் சில திருத்தங்கள் செய்வார்கள், ஆனால் அடிப்படை இந்த ஒரு வரிச் சமன்பாடுதான்.

"2600 வருஷத்துல எவ்வளவு மிச்சம் இருக்கும்? போடு பார்ப்போம்" என்றேன். பேப்பரை இழுத்தாள். பத்து நிமிஷம் கழித்து நிமிர்ந்தாள். "சுமார் 73 பர்சன்ட்பா!"

அப்புறம் மெதுவாக, "கீழடி தாத்தா ஊர்ப் பக்கம்தானே?" என்றாள். ஆமாம், மானாமதுரையிலிருந்து மதுரை போகிற வழிதான். பஸ்ஸில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே.

பாடத்தை அவள் சாய்ஸில் விடவில்லை. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், ஆனால் இந்த லீவுக்குக் கீழடி மியூசியம் போகணுமாம். உங்க வீட்டுப் பிள்ளைகளும் "இது எதுக்கு?" என்று கேட்டால் கோபப்படாதீங்க. அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால், அரியர் வந்திருக்காது.