பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களில் ஈட்டிய மதிப்பு மேலாண்மை

ஈட்டிய மதிப்பு மேலாண்மை என்பது ஒரு திட்டத்தின் பணி முன்னேற்றம், செலவு, காலம் ஆகிய மூன்றையும் ஒரே அளவையில் ஒப்பிடும் திட்ட மேலாண்மை முறை ஆகும். ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967 இல் வெளியிட்ட செலவு, கால அட்டவணைக் கட்டுப்பாட்டு விதிகளில் இருந்து இது வளர்ந்தது. பின்னர் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பெரும் ஆய்வுத் திட்டங்களிலும் பயன்பாட்டுக்கு வந்தது.

== அடிப்படைக் கணியங்கள் ==

* திட்டமிட்ட மதிப்பு - குறித்த நாளுக்குள் முடிந்திருக்க வேண்டிய பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை.
* ஈட்டிய மதிப்பு - அந்நாள் வரை உண்மையில் முடிந்த பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகை.
* உண்மைச் செலவு - முடிந்த பணிக்குச் செலவான தொகை.

ஈட்டிய மதிப்பை உண்மைச் செலவால் வகுத்தால் செலவுச் சுட்டெண்ணும், திட்டமிட்ட மதிப்பால் வகுத்தால் காலச் சுட்டெண்ணும் கிடைக்கும். சுட்டெண் 1 ஐ விடக் குறைந்தால் செலவு மிகுந்துள்ளது அல்லது பணி பின்தங்கியுள்ளது என்று பொருள்.

== எடுத்துக்காட்டு ==

ஓராண்டில், 12 இலட்சம் ரூபாய் நல்கையில், சீராக நடைபெற வேண்டிய ஆய்வு ஒன்றைக் கொள்க. ஆறாம் மாத முடிவில் திட்டமிட்ட மதிப்பு 6 இலட்சம்; செலவு 5 இலட்சம். கணக்குப் பிரிவின் அறிக்கையில் இது ஒரு இலட்சம் மிச்சமாகத் தோன்றும். ஆனால் முடிந்த பணியின் மதிப்பு 4 இலட்சம் மட்டுமே எனில், செலவுச் சுட்டெண் 0.8, காலச் சுட்டெண் 0.67 ஆகும். இதே போக்கு தொடர்ந்தால் முழுப் பணிக்கு 15 இலட்சம் தேவைப்படும். இக்குறை ஆண்டிறுதியில் தெரியவந்தால் திருத்த வழியிராது. பாதியிலேயே தெரிந்தால் பணியைக் குறைக்கவோ கூடுதல் நிதி கோரவோ இயலும்.

== ஐஸ்கியூப் திட்டம் ==

தென் துருவத்தில் அமைந்துள்ள ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் கட்டப்பட்டது. இதன் கட்டுமானத்தில் இம்முறை பின்பற்றப்பட்டது. மொத்தச் செலவான 279 மில்லியன் டாலரில் 242 மில்லியனை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழங்கியது. பனியில் துளையிட்டு 86 வடங்களில் 5,160 உணரிகளை இறக்கும் பணி 2010 திசம்பரில் நிறைவுற்றது. அண்டார்க்டிக்காவின் கோடைக்காலத்தில் மட்டுமே துளையிட இயலும் என்பதால், ஒரு பருவத்தில் ஏற்படும் தாமதம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். வடங்களை எண்ணிக் கணக்கிட முடிந்ததால் முன்னேற்றத்தை அளவிடுவது எளிதாக இருந்தது.

== சிக்கல்களும் தீர்வுகளும் ==

* கண்டுபிடிப்பின் முடிவை முன்கூட்டியே வரையறுக்க இயலாது. ஆகவே மாதிரி சேகரிப்பு, கருவி அமைப்பு, அறிக்கை வரைவு போன்ற கண்கூடான மைல்கற்களுக்கு மதிப்பு அளிக்கப்படுகிறது.
* ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் வேலை நேரத்தைத் திட்ட வாரியாகப் பதிவு செய்யாவிடில் உண்மைச் செலவு குறைவாகத் தோன்றும்.
* "90 விழுக்காடு முடிந்தது" என்னும் மதிப்பீடு நம்பத்தக்கதன்று. சிறு பணிகளுக்கு, முழுதும் முடிந்த பின்னரே மதிப்பு வழங்கும் விதி பொருந்தும்.
* மேற்பார்வை போன்ற தொடர்பணிகளில் ஈட்டிய மதிப்பு எப்போதும் திட்டமிட்ட மதிப்புக்குச் சமமாகவே கொள்ளப்படும். இவை மிகுந்தால் தாமதம் மறைந்துவிடும்.

இம்முறை ஆய்வின் அறிவியல் தரத்தை அளவிடுவதில்லை. சிறு நல்கைகளுக்கு முழு முறையின் எழுத்துப்பணி சுமையாகலாம் என்பதால், சில மைல்கற்களையும் மாதாந்த ஒப்பீட்டையும் மட்டும் கொண்ட எளிய வடிவம் போதுமானது.