என்பீல்ட் துப்பாக்கியும் அதன் நகலும்

பழைய படைக்கலங்களைச் சேகரித்து வைப்பது நெடுங்கால வழக்கம். ஆனால், அவற்றை இயக்கிப் பார்த்து அக்காலப் போர்வீரனின் தொழிலை அறிய முயல்வது இருபதாம் நூற்றாண்டிலேயே பெருகிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்தது. அப்போரின் துப்பாக்கிகளைக் கொண்டு இருபக்கத்தார் போல் அணிவகுத்துக் குறிசுடும் போட்டிகள் 1950ஆம் ஆண்டில் அங்கே தொடங்கின. அப்பொழுது வெடித்தவை பெரும்பாலும் அசல் துப்பாக்கிகளே. சுடச்சுட அவை தேய்ந்தன. சுடுவோர் பெருகப் பெருக அவை கிடைப்பதும் அரிதாயிற்று. இக்குறையைத் தீர்க்க எழுந்ததே நகல் துப்பாக்கித் தொழில். இத்தாலியின் பிரெஸ்சியாவை அடுத்த கார்தோனே என்னும் ஊர்ப் பட்டறைகளும், 1970களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்த பாக்கர்-ஹேல் நிறுவனமும் இத்தொழிலிற் பேர்பெற்றன.

அவ்வாறு நகலெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று 1853ஆம் ஆண்டின் என்பீல்ட் துப்பாக்கி. அதன் குழல் 39 அங்குல நீளமுடையது; குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம். வெடிமருந்தும் ஈயக்குண்டும் ஒரே காகிதத் தோட்டாவில் அடங்கியிருக்கும். தோட்டாவின் நுனியைக் கிழித்து, மருந்தைக் குழல்வாயிற் கொட்டி, குண்டைச் செலுத்திக் கோலால் இடித்து இறக்க வேண்டும். பின்னர்ச் சிறு செப்புத் தொப்பியைப் பொருத்திய பின்னரே விசையை இழுக்கலாம். பயின்ற வீரன் ஒரு நிமிடத்தில் மும்முறை சுடுவான்.

இன்று நகலைக் கையாள்பவர் விரைவிலே ஓர் உண்மையை உணர்கிறார். கரிமருந்து எரிந்ததும் குழலினுள்ளே கசடு படிகிறது. கொழுப்புப் பூச்சின்றிச் சில வேட்டுகள் தீர்த்தால், அடுத்த குண்டு பாதிவழியிலே சிக்கிக்கொள்ளும். பூச்சு கசட்டை இளக்கிக் குண்டுக்கு வழிவிடுகிறது.

இந்தியாவை 1857இல் உலுக்கிய கொழுப்பும் இதுவே. அதிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்துள்ளன என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவிற்று. பல்லாற் கடிக்காமற் கையாற் கிழிக்கலாம் என்று பயிற்சிமுறை மாற்றப்பட்டும் ஐயம் தீரவில்லை. மீரட்டில் 85 குதிரைவீரர் தோட்டாக்களைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. ஆயினும் நம்பிக்கை முறிந்துவிட்டது. மே 9ஆம் நாள் அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் கிளர்ச்சி மூண்டது. படைத்தொழிலுக்கு இன்றியமையாத பொருளொன்று, மனிதர் மனத்தை மதியாத ஆட்சியின் கையில் எவ்வாறு தீயாக மாறியது என்பதை இக்கருவி விளக்குகிறது.

எனினும், நகலுக்கு நேர்மை வேண்டும். செய்தவர் பெயரையும் சோதனை முத்திரையையும் தாங்கி நிற்கும் வரை அது கல்விக்கருவி. அம்முத்திரைகளை அராவியெடுத்து, அமிலம் பூசிப் பழமை காட்டி விற்றால் அதுவே மோசடி. வருங்கால ஆராய்ச்சியாளனையும் அது ஏமாற்றும். உலகப் போட்டிகளில் அசலுக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவு வகுத்திருப்பது பொருத்தமே. தன்னை நகலென்று ஒளியாது கூறும் நகல், அசலைத் தேய்மானத்திலிருந்து காப்பதோடு, அதன் வரலாற்றையும் வாழவைக்கிறது.