மேர்சென் கூறிய எண்ணும் கோல் கண்ட காரணிகளும்

பிரான்சியத் துறவியாகிய மாரின் மேர்சென் 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் நூலின் முன்னுரையில் எண்ணியல் பற்றிய கூற்றொன்று காணப்படுகின்றது. 2இன் வலுவொன்றிலிருந்து 1ஐக் கழிக்க வரும் எண், அவ்வலு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றாகும்போது முதன்மை எண்ணாகும். 257 வரை வேறெவ்வலுவுக்கும் ஆகாது என்பதே அது. நிறுவல் எதனையும் அவர் தந்திலர். ஆயினும் டேக்காட்டு, பேர்மா முதலியோருடன் கடிதத் தொடர்பு பூண்டிருந்த அவரது சொல்லுக்கு அறிஞரிடையே மதிப்பிருந்தது. அப்பட்டியலை முற்றாகச் சோதித்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் வரை சென்றன.

அவற்றுள் 67ஆம் வலுவினால் வருவது 147,573,952,589,676,412,927 என்னும் இருபத்தோரிலக்க எண். இதன் காரணி ஒவ்வொன்றும் 134இன் மடங்கொன்றோடு 1ஐக் கூட்ட வருவதாகவே இருத்தல் வேண்டும். இவ்வரையறை வேலையைப் பெரிதுங் குறைப்பினும், வர்க்கமூலம் வரையில் வகுத்துப் பார்க்க வேண்டியவை ஒன்பது கோடிக்கு மேற்படும். கையாற் செய்யக்கூடியதோ இது?

1876இல் பிரான்சிய அறிஞர் எதுவார் லூக்கா வேறொரு வழி கண்டார். லேமர் என்பார் பின்னர் 1930இல் செப்பஞ்செய்த வடிவில் அம்முறை மிக எளிது: 4இல் தொடங்கி, வர்க்கித்து 2ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க, வலுவினும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்தபின் மீதி பூச்சியமாயின் அது முதன்மை எண். 31ஐ, அதாவது 5ஆம் வலுவுக்குரிய எண்ணை, எடுத்துக்கொண்டால் 4, 14, 8, 0 என மூன்றே படியில் விடை கிடைக்கும். லூக்கா தம் முறையால் 127ஆம் வலுவுக்குரியது முதன்மை எண் என்றும், 67ஆம் வலுவுக்குரியது அன்று என்றும் காட்டினார். வியப்பு யாதெனில், அவ்வெண் பிளவுபடும் என்பது உறுதியாயிற்று. எவற்றாற் பிளவுபடும் என்பதோ எவருக்கும் தெரியவில்லை. காரணி ஒன்றேனும் கையில் இல்லாமலே ஓரெண்ணைச் சேர்த்தி எண் எனத் துணிந்த இச்செயல், பின்னர்க் காரணிகளைக் கண்டதினும் பெரிதெனல் தகும்.

அக்காரணிகள் வெளிப்பட மேலும் இருபத்தேழு ஆண்டுகள் சென்றன. 1903 ஒக்டோபர் 31இல் நியூயோர்க்கில் நடைபெற்ற அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை அறிவித்தார். அவை 193,707,721, 761,838,257,287 என்பன. கோல் வாய்பேசாது கரும்பலகையின் ஒருபுறம் வலுவைக் கணித்து, மறுபுறம் பெருக்கலைச் செய்து, இரண்டும் ஒத்தமை காட்டி அமர்ந்தார் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குச் செலவிட்டதாகப் பின்னர்க் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இதனை எழுதியவர் ஈ. ரி. பெல், எழுதியது 1951இல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து எழுதப்பட்டமையின் கதையைக் கதையாகவே கொள்ளுதல் நன்று. பெருக்கலையோ எவரும் இன்றும் சரிபார்க்கலாம்.

61ஆம் வலுவுக்குரிய எண் முதன்மையானது என்று 1883இல் உருசியாவில் பெர்வூசின் நிறுவியபின், 61 என்பதே அச்சுப்பிழையால் 67 ஆயிற்றெனச் சிலர் மேர்சென்னுக்காகப் பரிந்துரைத்தனர். அவ்வாறாயின் 89உம் 107உம் பட்டியலில் விடுபட்டமைக்கும், முதன்மையற்ற 257 அதில் இடம்பெற்றமைக்கும் எந்த அச்சுக்கோப்பாளனைக் குறைகூறுவது?