துணையின்றி வந்த புலம்பெயர் சிறார் பராமரிப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

பெற்றோரோ சட்டப்பூர்வப் பாதுகாவலரோ உடன் இல்லாமல் நாட்டுக்குள் வரும் 18 வயதுக்குட்பட்ட சிறாரை ஏற்று, உடல்நலமும் மனநலமும் பேணி, உறவினரைத் தேடி ஒப்படைத்து, அதன் பின்னும் அக்குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் பணி. அமெரிக்காவில் இதை 2003 முதல் அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகம் நடத்தி வருகிறது. காப்பகங்களைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் நடத்துகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்கோப்பு, அதற்குப் பொறுப்பாக ஒரு சமூகப் பணியாளர், கூடவே ஓர் உளநல ஆலோசகர் என்பது இதன் அடிப்படை அமைப்பு.

தொடக்கம்

நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவர் அயர்லாந்துச் சிறுமி ஆனி மூர். பெற்றோர் முன்பே நியூயார்க் சென்றிருந்ததால் இரு தம்பியரையும் அவரே கப்பலில் அழைத்து வந்தார். அவருக்கு அப்போது வயது 15 என்று பழைய நூல்கள் கூறும். 17 என்பதே பிற்கால ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பது. 1907ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், பெற்றோர் இன்றி வரும் 16 வயதுக்குட்பட்டோரைத் திருப்பியனுப்ப அதிகாரிகளுக்கு இடம் தந்தது. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து உதவும் முறையை மேரி ரிச்மண்ட் 1917இல் நூலாக வகுத்தார். நாஜி ஆட்சியிலிருந்து 20,000 சிறாரை ஏற்க 1939இல் முன்வைக்கப்பட்ட வாக்னர்–ராஜர்ஸ் மசோதா நிறைவேறவில்லை.

கியூபச் சிறார் திட்டம், 1960–1962

இத்துறையின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான காலம் இது. மயாமி கத்தோலிக்க நலப் பணியகத்தின் இயக்குநராக இருந்த பாதிரியார் பிரயன் வால்ஷ் 1971இல் எழுதிய கட்டுரை இதற்கு முதன்மைச் சான்று. 1960 நவம்பரில் பெத்ரோ என்ற 15 வயதுக் கியூபச் சிறுவனை ஒருவர் அவரிடம் அழைத்து வந்தார். மயாமியில் வீடு வீடாகத் தங்கியிருந்த பையனுக்குச் சோறு போட எவரிடமும் வசதி இருக்கவில்லை. இப்படி இன்னும் பலர் வருவார்கள் என்று கணித்து வால்ஷ் அரசிடம் நிதி கேட்டார். அடுத்த மாதம் ஹவானாவின் ரஸ்டன் அகாடமி பள்ளித் தலைவர் ஜேம்ஸ் பேக்கர், தம் பிள்ளைகளை மட்டுமாவது வெளியே அனுப்பிவிட விரும்பிய பெற்றோரின் கோரிக்கையோடு அவரைச் சந்தித்தார்.

முதல் பிள்ளைகள் 1960 டிசம்பர் 26 அன்று வந்திறங்கினர். 1961 ஜனவரியில் அமெரிக்க–கியூபத் தூதரக உறவு முறிந்து விசா பெறும் வழி அடைபட்டது. எனவே 16 வயதுக்குட்பட்டோர் விசா இல்லாமலே வர அனுமதிக் கடிதம் வழங்கும் அதிகாரத்தை வெளியுறவுத் துறை வால்ஷிடம் கொடுத்தது. 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடியால் விமானங்கள் நிற்கும்வரை வந்தவர்கள் 14,048 பேர். இம்முயற்சிக்கு 'பெத்ரோ பான்' என்ற பெயர், 1962இல் மயாமி ஹெரால்டு செய்தியாளர் ஜீன் மில்லர் எழுதிய கட்டுரையால் நிலைத்தது.

ஹவானா விமான நிலையத்தில் பயணிகளையும் வழியனுப்ப வந்தோரையும் கண்ணாடிச் சுவர் பிரித்தது. பிள்ளைகள் அவ்விடத்தை 'மீன் தொட்டி' என்றே நினைவுகூர்கின்றனர். மயாமியில் இறங்கியதும் 'ஜார்ஜ்' என்பவரைத் தேடும்படி அவர்களுக்குச் சொல்லி அனுப்பப்பட்டிருந்தது. அவர் பணியக ஊழியர் ஜார்ஜ் குவார்ச். வந்த பிள்ளையின் பெயர், வந்த நாள், யாரிடம் போனது என்பவற்றை அவர் கையால் குறித்து வைத்தார். அலுவலக அறிக்கைகள் தொகைகளைத் தருகின்றன. எந்தப் பிள்ளை எங்கே போனது என்பதற்கு ஆய்வாளர் இன்றும் நாடுவது இந்தப் பதிவேட்டையே.

ஏறத்தாழப் பாதிப் பேரை மயாமியிலிருந்த உறவினரும் நண்பரும் அழைத்துச் சென்றனர். மற்றவர்கள் கெண்டால், மட்டகும்பே, ஃப்ளோரிடா சிட்டி, ஓப்பா-லோக்கா முகாம்களில் தங்கினர். ஃப்ளோரிடா சிட்டியில் கியூபத் தம்பதியர் வீட்டுப் பெற்றோராக நியமிக்கப்பட்டு, பிள்ளைகளோடு ஒரே குடியிருப்பில் வாழ்ந்தனர். பதின்வயதுப் பையன்கள் இருந்த மட்டகும்பேயில் இடம் போதாமல் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5.50 டாலரும் விடுதியில் இருந்த பிள்ளைக்கு 6.50 டாலரும் மத்திய அரசு கொடுத்தது. புராட்டஸ்டண்ட், யூத நல அமைப்புகளும் தத்தம் சமயப் பிள்ளைகளை ஏற்றன.

முகாம்கள் நிரம்பவே பிள்ளைகள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்கு நல்ல வளர்ப்பு வீடு அமைந்தது. சிலர் அநாதை இல்லங்களில் வளர்ந்தனர். அங்கே அடி உதைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானதாகப் பின்னாளில் சிலர் கூறியுள்ளனர். ஆண், பெண் விடுதிகள் தனித்தனியாக இருந்ததால் அண்ணன் தங்கை பிரிக்கப்பட்டதும் உண்டு. சில மாதங்களில் சேர்ந்துவிடலாம் என்று நம்பிய பெற்றோர் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1965 டிசம்பரில் வரடேரோ–மயாமி விமானங்கள் தொடங்கியபோது இவர்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது. ஸ்பானியம் மறந்துபோன பிள்ளைகள் தாயோடு பேச முடியாமல் தவித்ததும், ஒன்றுசேர்ந்த பின் குடும்பங்களில் மூண்ட பிணக்குகளும் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒப்படைப்போடு பணி முடிவதில்லை என்பதற்கு இவை தொடக்ககாலச் சான்றுகள்.

பிள்ளைகளைத் தனியே அனுப்பப் பெற்றோரைத் தூண்டியது, அவர்களின் உரிமையைப் பறித்துப் பிள்ளைகளை அரசே எடுத்துக்கொள்ளும் என்று ஹவானாவில் பரவிய அச்சம். அப்படியொரு சட்ட வரைவு என்று சுற்றிய ஆவணம் போலி என்பது கியூப அரசின் நிலை. சி.ஐ.ஏ. திட்டமிட்ட பிரச்சாரமே அச்சத்தைக் கிளப்பியது என்பர் ஒரு சாரார்; மதப் பள்ளிகள் மூடப்பட்டதே அச்சத்துக்குப் போதிய காரணம் என்பர் மற்றொரு சாரார். தாமே அவ்வாறு வந்தவரான ஆய்வாளர் மரியா தெ லொஸ் ஆஞ்செலஸ் தோரஸ் ஆவணங்களைக் கேட்டு சி.ஐ.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்தோசீனப் போருக்குப் பின்

வியட்நாமிலிருந்து 1975 ஏப்ரலில் விமானங்களில் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் அனைவரும் அநாதைகள்தாமா என்பது நீதிமன்றம் வரை சென்றது. 1970களின் இறுதியில் உருவான துணையற்ற அகதிச் சிறார் திட்டம், லூதரன், கத்தோலிக்க அமைப்புகள் வழியே வளர்ப்புக் குடும்ப முறையில் நடத்தப்பட்டது.

ஃப்ளோரஸ் உடன்பாடும் பின்வந்த சட்டங்களும்

எல் சால்வடோரைச் சேர்ந்த ஃப்ளோரஸ் என்ற 15 வயதுச் சிறுமியை, பெற்றோர் அல்லாத உறவினரிடம் விடக் குடிவரவுத் துறை மறுத்ததை எதிர்த்து 1985இல் வழக்கு எழுந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும், காவல் நிலைமைகள் பற்றி 1997இல் இரு தரப்பும் உடன்பாடு கண்டன. வாரம் ஒரு தனி ஆலோசனை, இரு குழு ஆலோசனை, பள்ளிக் கல்வி, குடும்பத்தோடு பேசும் வாய்ப்பு ஆகியவை காப்பகங்களின் குறைந்தபட்சக் கடமைகளாக அதில் இடம்பெற்றன. 2002ஆம் ஆண்டுச் சட்டம் சிறார் பராமரிப்பைக் குடிவரவுத் துறையிடமிருந்து பிரித்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், துணையற்ற சிறார் என்று அறிந்த 72 மணி நேரத்துக்குள் அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்திடம் ஒப்படைக்கப் பணித்தது. ஆள்கடத்தலுக்கு உள்ளானோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு, செல்லவிருக்கும் வீட்டை நேரில் ஆய்வதைக் கட்டாயமாக்கியது.

நடைமுறையில் பொறுப்பேற்க முன்வருவோர் பெற்றோர், நெருங்கிய உறவினர், பிறர் என்று வகுக்கப்படுகின்றனர். சமூகப் பணியாளர் அவர்களின் சான்றுகளைச் சரிபார்க்க, ஆலோசகர் பிள்ளை பட்ட இன்னல்களைக் கேட்டுப் பதிகிறார். விடுவித்த பின் பள்ளிச் சேர்க்கை, மருத்துவம், குடும்ப ஆலோசனை ஆகியவற்றுக்கான உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

சர்ச்சைகள்

அவ்வலுவலகத்தின் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட சிறார் தொகை 2012 நிதியாண்டில் 13,625, 2014இல் 57,496. அவ்வாண்டு விடுவிக்கப்பட்ட சிறார் சிலர் ஒஹாயோவின் மேரியன் பகுதி முட்டைப் பண்ணைகளில் கட்டாய வேலையில் சிக்கினர். சரிபார்ப்பில் இருந்த ஓட்டைகளை 2016இல் செனட் துணைக்குழு சுட்டிக்காட்டியது. 2018இல் எல்லையில் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்த பிள்ளைகளும் 'துணையற்றோர்' என்று வகைப்படுத்தப்பட்டு இதே காப்பகங்களுக்கு வந்தனர்.

ஆலோசகரிடம் பிள்ளை சொன்னது யாருக்கு உரியது என்பது மற்றொரு சர்ச்சை. அக்குறிப்புகள் குடிவரவு நீதிமன்றத்தில் பிள்ளைக்கு எதிராகவே பயன்பட்டதை 2020இல் ஒரு நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. பாதுகாப்புக்குத் தகவல் பகிர்வு தேவை என்பது ஒரு வாதம். மறைகாப்பு இல்லாத இடத்தில் சிகிச்சையே நடக்காது என்பது எதிர்வாதம்.

அண்மைக்காலம்

2022 நிதியாண்டில் தொகை 128,904 ஆனது. ஃப்ளோரஸ் விதிமுறைகளை நிலையான ஒழுங்குமுறையாக்கும் விதிகள் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. 2025இல் பொறுப்பேற்போருக்கான அடையாள, வருமானச் சான்று விதிகள் கடுமையாகி, சிறார் காப்பகத்தில் இருக்கும் காலம் நீண்டது. இவ்விதிகளை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன.