நெய்வேலிக் காட்டாமணக்கு

ஏரி உள்வாய், வாய்க்கால் கரை என ஈரம் தங்கும் இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேல் மண்டும் புதர்ச்செடி. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பெயரில் ஆமணக்கு இருந்தாலும் அந்தக் குடும்பமே இல்லை; சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குத்தான் உறவு. அறிவியல் பெயர் ஐப்போமியா கார்னியா. பின்சொல் சதைநிறத்தைக் குறிக்கும். புனல் வடிவப் பூ வெளிர் இளஞ்சிவப்பு, தொண்டைப்பகுதி மட்டும் அடர்நிறம். தண்டு உள்ளே குழல்போல் வெற்று. ஒடித்தால் பால் வடியும். வெட்டி எறிந்த துண்டுகூடச் சேற்றில் வேர்விட்டுவிடும். இந்தி பேசும் ஊர்களில் ‘பேஷரம்’, அதாவது வெட்கங்கெட்டது, என்கிறார்கள்; இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. வங்காளத்தில் ‘டோல் கல்மி’. இலையில் ஸ்வைன்சோனைன் என்ற நச்சு உண்டு. தொடர்ந்து மேயும் ஆடுகள் நரம்பு கெட்டுத் தள்ளாடும்.